கட்டையன்: கலியாண அட்டையில் ஒரு டீசல் இஞ்சின் செய்யும் விதம்

எனக்குத் தொழில் பல்லுக் கட்டுவது. பல் வைத்தியர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், நான் கொக்குவிலில் என் வீட்டுக்குப் பின்னாலுள்ள சின்ன லாப்பில் இருந்து செற் செய்து கொடுப்பேன். மதிலுக்கு அப்பால் காங்கேசன்துறைக்குப் போகும் தண்டவாளம். கோச்சி போகும்போது அலுமாரியில் அடுக்கியிருக்கும் பிளாஸ்ரர் தாடைகள் எல்லாம் கடகடவென்று அடித்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் பயந்துபோவார்கள்.

இந்தத் தொழிலில் கை ஓய்ந்திருக்கும் நேரத்தில் நான் செய்வது கட்டை இஞ்சின், அதாவது குள்ளமான மாதிரி ரயில் இஞ்சின். நீளம் 62 மில்லிமீற்றர். தீப்பெட்டியை விட ஒரு விரல்நுனி நீளம் கூட, அவ்வளவுதான். ஆனால் ஓட்டுநர் அறை மட்டும், மாதிரியின் அளவில், முழு ஆள் நிற்கக்கூடிய உயரம். பார்த்தவுடனே சிரிப்பு வரவேண்டும், பிறகு அது அசைந்து அசைந்து ஐந்து பெட்டியை இழுத்துக்கொண்டு போகும்போது சிரிப்பு நின்றுவிட வேண்டும். அப்படி ஒன்றைச் செய்யும் விதத்தைத்தான் எழுதுகிறேன். கூடியவரை யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் சாமான்களைக்கொண்டு.

முதலில் இது எப்படித் தொடங்கியது என்று சொல்லவேண்டும், ஏனென்றால் பாதிப் பாடம் அதில் இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, சித்தப்பாவின் மகன், ஒருமுறை வந்தபோது ஒரு பழைய பெட்டி கொண்டுவந்தான். "அக்கா, உங்களுக்குத்தான் ரெயில் விசர். அங்கை பழஞ்சாமான் விக்கிற இடத்திலை கண்டனான்." உள்ளே இருந்தது அமெரிக்காவின் அத்தேர்ன் கொம்பனி செய்த 'ஹஸ்லர்'. நாலே நாலு சில்லு வைத்த குட்டி டீசல். அதற்குள் பற்சக்கரமே கிடையாது. மோட்டர்த் தண்டிலிருந்து அச்சுக்கு றப்பர் பட்டி போட்டிருப்பார்கள். வந்த பட்டி பழம்புளி மாதிரி உருகி ஒட்டிப்போயிருந்தது. என்னிடம் பல் நிரைப்படுத்துவதற்குப் போடும் குட்டிப் பட்டிகள் பைக்கணக்கில் இருந்தன. ஒன்றைக் கோத்துவிட்டு 12 வோல்ற் கொடுத்தேன். ஒரு அரைச்சுற்று ஓடியது. அடுத்த வளைவில் அது திரும்பவில்லை, மேசையை விட்டு நேராகப் போய் அரிசிச் சாக்கில் விழுந்தது.

இது அந்த ஒரு இஞ்சினின் குறை என்று நினைக்கவேண்டாம். ஹஸ்லர் வேகத்துக்குப் பேர்போனது. சாதாரண மாதிரி ரயில் மோட்டர் 12 வோல்ற்றில் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுச் சுற்றினாலும் ஆச்சரியமில்லை. றப்பர் பட்டி அதைப் பெரிதாகக் குறைக்காது. உருவத்தில் சின்னதாக இருக்கிற ஒன்று வேகமாகவும் ஓடினால் அது விளையாட்டுக் கார். அதே சாமான் ஊர்ந்து போனால் அது இஞ்சின். என்னிடம் யாராவது வந்து, "அக்கா, நான் ஒன்று செய்தேன், ஆனால் பார்க்கப் பொம்மை மாதிரி இருக்குது" என்றால், நான் பெயின்ற்றைப் பார்ப்பதில்லை. ஓட்டிக் காட்டச் சொல்லுவேன்.

சரி, அளவுக்கு வருவோம்.

கடைகளில் கிடைக்கும் மாதிரிப் பாதையில் மிகப் பரவலானது இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில் 16.5 மில்லிமீற்றர் உள்ளது. அமெரிக்கரும் ஐரோப்பியரும் அதில் 1:87 அளவு வண்டி ஓட்டுவார்கள், அது எச்.ஓ. பிரித்தானியர் அதே பாதையில் 1:76 வண்டி ஓட்டுவார்கள், அது டபிள் ஓ. எங்கள் இலங்கைப் பாதையோ ஐந்தடி ஆறங்குலம், 1676 மில்லிமீற்றர். இதை 87ஆல் வகுத்தால் 19.3 வரும். 76ஆல் வகுத்தால் 22. இரண்டும் பொருந்தாது. ஆனால் 100ஆல் வகுத்துப் பாருங்கள்: 16.76. கால் மில்லிமீற்றர்தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே எங்கள் இஞ்சினை 1:100இல் செய்தால், கடையில் வாங்கிய பாதையே சரியான இலங்கைப் பாதையாகிவிடும். பக்கத்தில் நிற்கும் எச்.ஓ. பெட்டியை விட எங்களுடையது இயல்பாகவே சிறிதாகத் தெரியும். கணக்கும் சுகம்: நிஜத்தில் ஒரு மீற்றர் என்றால் எங்களுக்கு ஒரு சென்ரிமீற்றர். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. ஒருநாள் கரன்ட் இல்லாத மத்தியானம் கல்குலேற்றரோடு இருந்து கண்டுபிடித்தேன். அந்தச் சந்தோசம் இன்னும் போகவில்லை.

இப்போது கட்டையாக்கும் வித்தை. நிஜத்திலும் குட்டி டீசல்கள் இருக்கின்றன, அவற்றைப் பார்த்துப் பழகவேண்டும். இங்கிலாந்தின் லிங்கனில் ரஸ்ரன் கொம்பனி செய்த 48டிஎஸ் என்பது 48 குதிரைவலு, நாலு சில்லு. தொழிற்சாலை முற்றத்தில் நாலைந்து பெட்டியைத் தள்ளுவதற்கானது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ரிக் செய்த 44 தொன் இஞ்சினுக்கு ஒரு வேடிக்கையான காரணம். இயங்கு சில்லுகளின் மேல் 90,000 இறாத்தலும் அதற்கு மேலும் பாரம் உள்ள இஞ்சினில் ஓட்டுநரோடு இன்னொருவரும் இருக்கவேண்டும் என்று தொழிற்சங்கத்துக்கும் கொம்பனிகளுக்கும் இடையே ஒப்பந்தம். அவர்களுடைய 44 தொன் என்பது 88,000 இறாத்தல். ஒரு சம்பளத்தை மிச்சம் பிடிக்கவென்றே கட்டையாகப் பிறந்த இஞ்சின் அது. ஜப்பானில் பண்டாய் கொம்பனியின் 'பி ரெயின் ஷோர்ற்றி' என்ற மாதிரி ரயில்கள் வேறு வழி: அகலமும் உயரமும் அப்படியே, நீளத்தை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

நான் பிடித்துக்கொண்டது இந்த ஜப்பான் வழிதான், ஆனால் முழுவதும் அல்ல. எல்லாவற்றையும் ஒரே அளவில் சுருக்கினால் அது கட்டை இஞ்சின் ஆகாது, தூரத்தில் நிற்கும் பெரிய இஞ்சின் மாதிரித்தான் தெரியும். மனிதனோடு சம்பந்தப்பட்டதைச் சுருக்கக்கூடாது. கதவு, யன்னல், ஏணிப்படி, கைபிடி, ஓட்டுநர் அறையின் உயரம் எல்லாம் முழு அளவு. மோட்டரோடு சம்பந்தப்பட்ட மூக்குப் பகுதியை ஈவிரக்கமில்லாமல் வெட்டலாம். முன்விளக்கும் ஊதுகுழலும் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கலாம். குழந்தைக்குக் கண் பெரிதாக இருப்பது போல.

நான் பார்த்துச் செய்தது எம்2. கனடா கொழும்புத் திட்ட உதவியாக 1954 தொடக்கம் எங்களுக்கு வந்த ஜி12 ரக டீசல் இஞ்சின்கள் அவை. ஒன்ராறியோவில் உள்ள லண்டனில் கட்டியவை. 569ஆம் இலக்கத்துக்கு 'ஒன்ராறியோ' என்றும் 570க்கு 'அல்பேர்ட்டா' என்றும் பெயர். பிறகு எங்கள் ஆட்கள் பாதிப்பேர் அந்த ஒன்ராறியோவுக்குப் போய்விட்டார்கள், அது வேறு கதை. எம்2இன் முகம், ஒருபக்க ஓட்டுநர் அறை, நீண்ட மூக்கு. அந்த மூக்கை 26 மில்லிமீற்றருக்கு வெட்டினேன். அறை 22 மில்லிமீற்றர் நீளம். முன்னும் பின்னும் மேடை நாலு நாலு மில்லிமீற்றர், அதற்கு வெளியே பெட்டியோடு முட்டும் இடிதாங்கி மூன்று மூன்று. கூட்டினால் 62. அகலம் 28, தண்டவாளத்திலிருந்து கூரைக்கு 38, கதவு 18. இரண்டு அச்சுக்கும் இடைத்தூரம் 28.

இனி ஓட்டம். இதில்தான் நான் இரண்டு மாதம் செலவழித்தேன், நீங்கள் அவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை.

என்20 என்று ஒரு குட்டி மோட்டர் இருக்கிறது. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். தலையிலேயே பித்தளைப் பற்சக்கரப் பெட்டியோடு வரும். குறுக்கே 12க்கு 10 மில்லிமீற்றர், நீளம் பெட்டியோடு 24, அதற்கு வெளியே தண்டு ஒன்பது பத்து மில்லிமீற்றர். 12 வோல்ற்றில் நிமிடத்துக்கு 200 சுற்று என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். 1000 சுற்று எழுதியதைத் தந்துவிடுவார்கள், பார்க்க இரண்டும் ஒன்றுதான். எனக்கும் தந்தார்கள். பொதியைப் பிரிக்க முன்னம் கடையிலேயே ஒரு பற்றரி வைத்துச் சுற்றிப் பார்ப்பது நல்லது. தண்டில் சின்னக் கடதாசித் துண்டு ஒட்டினால் சுற்றை எண்ணலாம். எண்ண முடியாவிட்டால் வேண்டாம்.

ஏன் 200? சில்லின் விட்டம் 10.5 மில்லிமீற்றர், ஒரு சுற்றுக்கு 33 மில்லிமீற்றர் போகும். மோட்டர்த் தண்டு 3 மில்லிமீற்றர், அச்சில் நான் வைக்கும் உருளை 4.5. அப்படியென்றால் 200 சுற்று அச்சில் 133 ஆகும். நொடிக்கு 73 மில்லிமீற்றர். நூறு மடங்கு பெருக்கினால் மணிக்கு 26 கிலோமீற்றர். இது முழு வோல்ற்றில். பாதியில் ஓட்டினால் 13. முற்றத்தில் பெட்டி தள்ளும் இஞ்சினுக்கு அதுவே அதிகம்.

அடிச்சட்டத்துக்குப் பெயர்ப்பலகை செய்யும் கடையில் வெட்டி எறியும் அக்ரிலிக் துண்டு போதும். கேட்டால் சும்மா தருவார்கள், ஒரு பை நிறையத் தருவார்கள். தகரத்தில் செய்யவேண்டாம், இரண்டு தண்டவாளத்தையும் தொட்டுவைத்து மின்னைக் குறுக்கே பாயவிடும். இரண்டு மில்லிமீற்றர் துண்டில் இரண்டு சுவர் வெட்டி, இரண்டுக்கும் வெளி அகலம் 13 வரும்படி ஒட்டுங்கள். இரு சில்லுகளின் உட்பக்கங்களுக்கும் இடையே 14.4 மில்லிமீற்றர்தான் இருக்கும், அதற்குள் சுவர் உரசாமல் நிற்கவேண்டும். அச்சு நடுவிலிருந்து சுவரின் மேல்விளிம்பு நாலு மில்லிமீற்றர். மோட்டர் அந்த இரண்டு சுவருக்கும் மேலே படுக்கும், 10 மில்லிமீற்றர்ப் பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி. தண்டு பின் அச்சுக்கு நேர் மேலே வரவேண்டும். அப்போது தண்டுக்கும் அச்சுக்கும் இடையே ஒன்பது மில்லிமீற்றர்.

அச்சு போகும் இடத்தில் துளை போடாதீர்கள். கீழே திறந்த வெட்டுப் போடுங்கள், அச்சைக் கீழிருந்து செருகி ஒரு மெல்லிய கம்பியால் மறித்துவிடலாம். ஏனென்று கடைசியில் தெரியும். அச்சுக்குப் புஷ், அதாவது அது உள்ளே சுழலும் சின்னக் குழாய், தேவை. வீட்டில் எங்காவது ஒரு பழைய ரேடியோ கிடக்கும், அதன் அன்ரெனா ஒன்றுக்குள் ஒன்று போகும் பித்தளைக் குழாய்கள்தானே. உங்கள் அச்சுக்குச் சரியாக வரும் குழாய் அதில் ஒன்றாவது இருக்கும். மூன்று மில்லிமீற்றர் நீளத்தில் அறுத்து எடுங்கள்.

பட்டி. பல் நிரைப்படுத்தும் பட்டிகள் அங்குலக் கணக்கில் வரும்: மூன்றின் கீழ் பதினாறு, கால், ஐந்தின் கீழ் பதினாறு. எங்களுக்குக் கால் அங்குலம், அதாவது 6.4 மில்லிமீற்றர் விட்டம். இழுக்காமல் சுற்றளவு 20 மில்லிமீற்றர். எங்கள் தண்டையும் அச்சையும் சுற்றிவர 30 வேண்டும். ஒன்றரை மடங்கு இழுவை, அது அளவான இழுவை. வாயில் அது இதை விட அதிகம் இழுபடும். மருந்துக்கடையில் கிடைக்காவிட்டால் பல் வைத்தியரிடம் கேளுங்கள். எதற்கு என்று அவர் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் முதலில் ஒருவருக்குப் பொய் சொல்லி, அவர் என் வாயைத் திறந்து பார்க்க வெளிக்கிட்டார்.

மோட்டர்த் தண்டு நீளவாக்கில், அச்சு குறுக்குவாக்கில். ஆகவே பட்டி கால்வாசி முறுகிப் போகும். முறுகின பட்டி ஒருபக்கம் சுற்றும்போது ஒழுங்காக இருக்கும், மறுபக்கம் சுற்றினால் மெல்ல ஏறி விழுந்துவிடும். முன்னால் நன்றாக ஓடி, பின்னால் விட்டவுடன் நிற்கிறது என்றால் காரணம் இதுதான். தண்டில் வயர் உறையில் இரண்டு சின்ன வளையம் வெட்டி இடைவெளி விட்டுச் செருகுங்கள், பட்டி அதற்குள் ஓடட்டும். அச்சில் நான் பல்லுச் செற்றுக்குப் பாவிக்கும் குளிர் அக்ரிலிக்கைக் குமிழாகப் பூசி, இறுகியபின் அச்சைப் பல் அராவும் கைமோட்டரில் மாட்டிச் சுழலவிட்டு, அரத்தால் நடுவில் வாய்க்கால் வெட்டுவேன். அடி 4.5, இரண்டு கரையும் ஆறு. உங்களிடம் அக்ரிலிக் இல்லையென்றால் ஒட்டுநாடாவை இறுக்கிச் சுற்றிச் சுப்பர் குளூ விட்டு அதையே அராவலாம். துரப்பணத்தில் மாட்டினால் போதும். முன் அச்சு சும்மா உருளட்டும். இவ்வளவு சின்ன இஞ்சினுக்கு ஒரு அச்சு இழுத்தால் போதும், பாரத்தை அதன்மேல் வைப்போம்.

அக்காவின் மகன், எனக்குப் பெறாமகன், இதைக் கையிலெடுத்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "என்ன சின்னம்மா, இஞ்சினுக்கும் கிளிப் போட்டிருக்கிறியளோ?"

தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பது நாலுசில்லு இஞ்சினின் பெரிய தலையிடி. பெரிய இஞ்சினுக்கு எட்டோ பன்னிரண்டோ சில்லு இருக்கும், ஒன்று தூசியில் ஏறினால் மற்றது தொட்டுக்கொண்டிருக்கும். எங்களுக்குப் பக்கத்துக்கு இரண்டே இரண்டு. பாதை பிரியும் இடத்தில் ஒரு பிளாஸ்ரிக் துண்டு வரும், அதன்மேல் வந்து சமர்த்தாக நின்றுவிடும். விரலால் தட்டிவிட வேண்டும்.

சில்லின் உட்பக்கத்தை மெல்ல வருடும் ஒரு மீள்கம்பி வேண்டும். என்னிடம் துருப்பிடிக்காத உருக்குக் கம்பி சுருள் சுருளாக இருக்க, அதையே போட்டேன். வயர் பற்றவைக்கும் சாதாரண ஈயம் அதில் பிடிக்கவே பிடிக்காது. உருண்டு விழுந்துகொண்டேயிருந்தது. கடைசியில் உடைந்த சுவிற்சுகளுக்குள் இருக்கும் மெல்லிய வெண்கலத் தகட்டை நூல் அகலத்தில் நறுக்கிப் போட்டேன். அது நல்லது. அழுத்தம் மிகக் குறைவாக இருக்கட்டும், சில்லைக் கையால் சுண்டினால் இரண்டு சுற்றாவது தானாகச் சுற்றவேண்டும்.

அதுவும் போதாவிட்டால் பின்னால் ஒரு தட்டை வண்டியை நிரந்தரமாகக் கோத்து, அதன் சில்லுகளிலிருந்தும் மின் எடுத்து இரண்டு வயரால் இஞ்சினுக்குக் கொடுங்கள். வெட்கப்படத் தேவையில்லை. மாதிரி ரயில் செய்யும் பிரித்தானிய ஹோர்ன்பி கொம்பனியே தன் குட்டி ரஸ்ரனுக்கு அப்படியொரு வண்டியைக் கோத்துத்தான் விற்றது. நான் அந்த வண்டியில் இரண்டு சின்னச் சீமெந்துப் பை வைத்திருக்கிறேன், காங்கேசன்துறைச் சீமெந்து நினைவாக.

பாதைக்கு மின் கொடுக்கப் பழைய ரவுட்டரின் 12 வோல்ற் அடப்ரர், ஒரு வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, முன்பின் மாற்ற ஆறு கால் சுவிற்சு ஒன்று. அவ்வளவும் யாழ்ப்பாணம் மின்சார நிலைய வீதியிலேயே கிடைக்கும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. 1990 ஆனியோடு யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி நின்றபோது எனக்கு ஆறு வயது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் பங்கர்களுக்குப் போயின. நாங்கள் கல்லுமேட்டில் நடந்து பள்ளிக்கூடம் போனோம். கரன்ட் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்பது. அண்ணா ஒரு பழைய கசெற் மோட்டரைத் தகர ரின்னில் பூட்டி எனக்கு ரெயில் என்று தந்தான். டைனமோவிலிருந்து வயர் கொடுத்து மிதித்தான். ரின் ஓடவில்லை, குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நின்ற இடத்திலேயே நடுங்கியது. டைனமோ தருவது முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும் மின், மோட்டருக்கு வேண்டியது ஒருபக்க மின். ரேடியோ பழுதுபார்க்கும் ஐயா ஒருவர் ஒரு டயோட்டைக் கொடுத்து நடுவில் போடச் சொன்னார். போட்டோம். விக்கி விக்கி ஒரு முழம் ஓடியது. மாறுமின் அடப்ரர் ஒன்றைத் தெரியாமல் வாங்கி, இஞ்சின் நடுங்குகிறது என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்லுவேன். அடப்ரரின் முதுகில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள்.

உடம்பு. வெளிநாட்டில் இதற்கென்று பிளாஸ்ரிக் தாள் விற்கிறார்கள். எங்களிடம் கலியாண அட்டை இருக்கிறது. எந்த வீட்டிலும் ஒரு கட்டுக் கிடக்கும், எறியவும் மனம் வராது. இந்தக் காலத்தில் வரும் தடித்த, வழுவழுப்பான அட்டைதான் நல்லது. தங்க எழுத்துப் புடைத்துநிற்கும் பக்கத்தை உள்ளே விடுங்கள், அல்லது அந்த இடத்தைத் தவிர்த்து வெட்டுங்கள். என் கட்டையனின் கூரைக்கு உள்ளே இன்னும் 'சுபமுகூர்த்தம்' என்று வாசிக்கலாம்.

ஒரு சுவருக்கு இரண்டு அட்டை. யன்னலை ஒட்டமுன் வெட்டவேண்டும், ஒட்டினபின் வெட்டினால் மூலை கிழியும். புது பிளேட், இரும்பு அடிமட்டம், ஒரே அழுத்தத்தில் வெட்டாமல் மூன்று நாலு தரம் மெல்ல மெல்ல. யன்னல் மூலைகளில் முதலில் குண்டூசியால் குத்திவிட்டு, குத்துக்குக் குத்து வெட்டினால் கோடு தாண்டாது. மூக்கின் மேல்விளிம்பு எம்2இல் வளைவு. அட்டையின் உட்பக்கத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு ஒன்றாக அரைவெட்டு நாலு போட்டு, பென்சிலின் மேல் வைத்து வளைத்தால் உடையாமல் வளையும். பூட்டி முடிந்ததும் உள்ளிருந்து நீர் மாதிரி ஓடும் சுப்பர் குளூவைத் துளித்துளியாக விடுங்கள். அட்டை குடித்துக் கறுத்துக் கல்லாகிவிடும். அதன்பிறகு அரத்தாளால் தேய்த்தால் பிளாஸ்ரிக் போலவே தேயும். புகை கண்ணை எரிக்கும், அட்டை சுடும், யன்னலைத் திறந்து வைத்து ஊறவிடுங்கள். யன்னல் கண்ணாடியாகப் போடும் தெளிந்த தாளைக் கடைசி நாளில், சாதாரண ஒட்டுப்பசையில் ஒட்டவேண்டும். சுப்பர் குளூவின் ஆவி பட்டால் கண்ணில் பூ விழுந்த மாதிரி வெண்மை படரும், பிறகு துடைத்தாலும் போகாது.

நான் தொழில் திமிரில் ஒன்று செய்து கெடுத்தேன். முதலாவது உடம்பை வெளிநாட்டுப் பிளாஸ்ரிக் தாளில்தான் செய்தேன். பாரம் போட உள்ளே ஈயத்தை வைத்துப் பல் அக்ரிலிக்கை ஊற்றினேன். அக்ரிலிக்கின் திரவம் அந்தப் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஐந்து நிமிடத்தில் மூக்கு களியாகி ஒருபக்கம் சரிந்தது. சரிந்தபடியே இறுகியும் விட்டது. இப்போதும் அலுமாரியில் இருக்கிறது, பாரிசவாதம் வந்த எம்2.

பாரத்துக்குக் குருநகரிலோ பாசையூரிலோ வலைக்குக் கட்டும் ஈயம் வாங்குங்கள். உருக்கவேண்டாம், சுத்தியலால் தட்டி நறுக்கினால் போதும். கையை நன்றாகக் கழுவவேண்டும். வெள்ளைப் பசையில் ஈயத்தை ஒட்டாதீர்கள். மாதக்கணக்கில் ஈயம் வெள்ளையாகப் பூத்து வீங்கி, உடம்பையே பிளக்கும். இரட்டைக் குழாய் எப்பொக்சிதான் சரி. முழு இஞ்சினும் 85 கிராம் வந்தால், அதில் 60ஆவது பின் அச்சின்மேல் இருக்கட்டும். ஓட்டுநர் அறையின் தரையிலும் யன்னலுக்குக் கீழேயும் ஈயத்தை அடைக்கலாம், தண்டும் பட்டியும் அங்கேதான் ஒளிந்திருக்கும், அவற்றைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேனாவைக் குறுக்கே வைத்து அதன்மேல் இஞ்சினை ஊஞ்சல் போல வைத்தால் பாரம் எங்கே நிற்கிறது என்று தெரியும். ஓட்டுநரை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அவருக்கு அங்கே கால் வைக்க இடமில்லை.

நிறம் உங்கள் விருப்பம். நான் முதலில் நல்லூர்க் கோயில் மதில் போலச் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு அடித்தேன். முற்றத்து இஞ்சின்களுக்கு முகத்தில் எச்சரிக்கைக் கோடு அடிப்பது உலக வழக்கம்தானே என்பது என் நியாயம். அம்மா ஒரு பார்வை பார்த்தா. அன்றே ஓட்டோப் பச்சை அடித்துவிட்டேன். புழுதிக்கு முகப்பவுடரில் கொஞ்சம் எங்கள் செம்மண்ணை அரித்துக் கலந்து, மென்தூரிகையால் அடிப்பகுதியில் தொட்டுவிட்டால் போதும். நிஜ மண், நிஜ நிறம்.

ஓடவிடும் பாதைக்குப் பெரிய இடம் தேவையில்லை. ஹோர்ன்பியின் ஆகச்சிறிய வளைவு ஆரம் 371 மில்லிமீற்றர். முழு வட்டம் பழைய கரம்போட்டின் சட்டத்தின் மேல் ஒரு பிளைவூட் வைத்தால் அடங்கும். எங்கள் இஞ்சின் இதைவிட இறுக்கமாகவும் திரும்பும், ஆனால் பின்னால் வரும் பெட்டி திரும்பாது.

சோளகம் வீசும் மாதங்களில் தூசி தண்டவாளத்தில் படிந்து ஒவ்வொரு நாளும் துடைக்கச் சொல்லும். மதுசாரத்தில் நனைத்த பழைய வேட்டித் துணி போதும். அரத்தாள் போட்டுவிடாதீர்கள், கீறலில் இன்னும் அழுக்குப் பிடிக்கும்.

பட்டி எங்கள் வெக்கைக்கு நாலைந்து மாதத்தில் தளரும். முன்னுக்குப் போகும்போது மோட்டர்ச் சத்தம் கேட்டு, சில்லு யோசித்து யோசித்துச் சுற்றினால் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். மறித்த கம்பியை இழுத்து அச்சைக் கீழே இறக்கி, புதுப்பட்டியை இழுத்துச் சில்லுக்கு மேலால் போட்டு உள்ளே விடுங்கள். அச்சை வெட்டில் திறந்தபடி வைக்கச் சொன்னது இதற்குத்தான். துளை போட்டவர்கள் இப்போது சில்லைக் கழற்றவேண்டும், கழற்றிய சில்லு பிறகு நேராகப் போகாது. மிச்சப் பட்டிகளை இருட்டான இடத்தில், மூடிய போத்தலில் வையுங்கள். என்னுடையது குளிர்பெட்டியில், இடியப்பச் சம்பலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆறு இருபது கோச்சி போய்த் தாடைகள் அடங்கியபிறகுதான் நான் பட்டி மாற்றுவது, அதற்கு முன் மேசை ஆடும்.